சுட்ட இடத்தில் இல்லாத குண்டு: இரத்தக்குழாய்க்குள் பயணிக்கும் தோட்டாவும் சிதறலும் – கேள்வி பதில்

மார்பில் குண்டு பாய்ந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். முன்பக்கம் ஒரு துளை. முதுகில் துளை இல்லை. அப்படியானால் குண்டு உள்ளே இருக்க வேண்டும். ஆனால் மார்பு எக்ஸ்ரேயில் அதைக் காணோம். இதற்கிடையே அவருடைய இடது கால் சில்லிட்டுப்போகிறது. குண்டு தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ போய் நிற்கிறது. மருத்துவத்தில் இதைக் குண்டு எம்போலிசம் என்கிறார்கள். அபூர்வமானது, ஆனால் தெரியாமல் விட்டால் ஒரு காலையோ உயிரையோ இழக்க நேரிடும். இதைப் பற்றி எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

குண்டு உண்மையிலேயே இரத்தக்குழாய்க்குள் பயணம் செய்யுமா?

செய்யும். பொதுவாக எம்போலிசம் என்றால் உறைந்த இரத்தக்கட்டி ஓரிடத்திலிருந்து கிளம்பி வேறோர் இடத்தில் போய் அடைப்பதைத்தான் சொல்வோம். அந்தக் கட்டியின் வேலையைத் தோட்டாவோ, வெடிகுண்டுச் சிதறலோ, ஏர்கன் குண்டோ செய்துவிடுகிறது. உடலுக்குள் வந்த வேகம் முழுவதும் தீர்ந்துபோய், இதயம் அல்லது ஒரு பெரிய இரத்தக்குழாயின் ஒரு சுவரை மட்டும் துளைத்து உள்ளே விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அதை நகர்த்துவது துப்பாக்கி அல்ல, இரத்த ஓட்டம். வாய்க்காலில் விழுந்த தேங்காய் மதகில் போய்ச் சிக்குவதைப் போல, குழாய் தன்னைவிடக் குறுகும் இடத்தில் அது நின்றுவிடும்.

எல்லாக் குண்டுகளும் ஏன் இப்படிப் போவதில்லை?

இரண்டு நிபந்தனைகள் கூடிவர வேண்டும். குண்டு சிறியதாக இருக்க வேண்டும். குழாயை அடையும்போது வேகம் குறைந்திருக்க வேண்டும். வினாடிக்கு 700 மீட்டருக்கு மேல் சீறிவரும் ராணுவத் துப்பாக்கியின் தோட்டா, இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மை இரத்தக்குழாயான பெருந்தமனியில் பட்டால் இரு சுவர்களையும் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அந்த மனிதர் பெரும்பாலும் மருத்துவமனைக்கே வந்து சேர மாட்டார். மாறாக, 0.22 அங்குலத் தோட்டாவின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர், எடை இரண்டரை கிராம் சொச்சம். எலும்பில் உரசி, தசையில் புதைந்து வேகத்தை இழந்து, இரண்டாவது சுவரைத் துளைக்கத் தெம்பில்லாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிடக்கூடிய குண்டு அது. மருத்துவ இதழ்களில் பதிவான நிகழ்வுகளில் இந்த ரகம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டும் பயணிக்கும். வேட்டைத் துப்பாக்கியின் சிறு குண்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியில் நிரப்பும் பால்ரஸ் குண்டுகளும் இதே வகையில்தான் வரும்: ஒரே வெடியில் பல குண்டுகள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் ஏர்கன் குண்டை விளையாட்டுப் பொருளாக நினைக்கிறவர்கள் உண்டு. குழந்தையின் மெல்லிய மார்புச் சுவரைத் துளைத்து இதயத்துக்குள் போய்விட அது போதும்.

எவ்வளவு அபூர்வம்?

வியட்நாம் போரில் இரத்தக்குழாய்க் காயம்பட்ட அமெரிக்க வீரர்களின் விவரங்கள் ஒரு தனிப் பதிவேட்டில் தொகுக்கப்பட்டன. அதிலிருந்த சுமார் 7,500 பேரில் 22 பேருக்கு இது நேர்ந்திருந்ததாக 1978-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நூற்றுக்கு 0.3. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இரத்தக்குழாய்க் காயம்பட்டவர்களிடையே இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. அந்தப் போர்களில் துப்பாக்கிக் குண்டைவிடச் சாலையோர வெடிகுண்டுகளின் சிதறல்கள் அதிகம். ஒரே ஆளின் உடலில் பத்து, இருபது சில்லுகள் பாயும்போது அவற்றில் ஒன்று குழாய்க்குள் விழ வாய்ப்பு கூடும். சி.டி. ஸ்கேன் வந்த பிறகு முன்பு கண்ணுக்குத் தப்பியவை அகப்படுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

இதை முதலில் கண்டறிந்தது யார்?

1834-இல் இங்கிலாந்தின் தாமஸ் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதிய குறிப்பைத்தான் முதல் பதிவாகக் கொள்கிறார்கள். பத்து வயதுச் சிறுவன் தானே செய்த துப்பாக்கி பின்பக்கமாக வெடித்து, அதை அடைத்திருந்த மரத்துண்டு அவன் மார்பில் பாய்ந்தது. சில வாரங்கள் உயிரோடிருந்து இறந்தான். உடலைத் திறந்து பார்த்தபோது மரத்துண்டு இதயத்தின் வலது கீழறையில் கிடந்தது. இதயச் சுவரிலோ அது நுழைந்த தழும்பு இல்லை. இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரை வழியாக இரத்தமே அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்று டேவிஸ் முடிவுசெய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஊகித்தது சாதாரணக் காரியமல்ல.

தமனிக்குள் விழுந்த குண்டு எங்கே போகும்?

பதிவான நிகழ்வுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு தமனி வழிப் பயணங்கள். நுழைவாயில் பெரும்பாலும் இதயத்தின் இடதுபக்க அறைகள், அல்லது மார்பிலோ வயிற்றிலோ உள்ள பெருந்தமனி. அங்கிருந்து ஓட்டம் கீழ்நோக்கி இழுக்கிறது. வயிற்றுக்குள் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது கிளை ஓரளவு நேராக இறங்குகிறது. வலது கிளை சற்று அதிகமாக வளைந்து பிரிகிறது. அதனால் இடது காலுக்குப் போகும் குண்டுகளே அதிகம்.

பெருந்தமனி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம். அதில் எந்தக் குண்டும் தாராளமாக உருளும். தொடைத் தமனி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. முழங்காலுக்குப் பின்னுள்ள தமனி அதைவிடச் சிறியது. 9 மில்லிமீட்டர் குண்டு தொடையோடு நின்றுவிடும், 0.22 முழங்கால் மடிப்பு வரை இறங்கிவிடும்.

பயப்பட வேண்டியது மேல்நோக்கிப் போகும் குண்டைத்தான். கழுத்திலோ இதயத்திலோ நுழைந்த சிறு குண்டு கழுத்துத் தமனி வழியாக மூளைக்கு ஏறினால், சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள நடுமூளைத் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். மார்பில் அடிபட்ட இளைஞருக்கு, தலையில் ஒரு கீறல்கூட இல்லாதபோது, ஒரு பக்கக் கைகால் விழுந்துவிடுகிறது. இரத்த இழப்பால் வந்த மயக்கம் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

சிரைக்குள் விழுந்தால்?

சிரைகள் இதயத்தை நோக்கிப் போகப்போக அகலமாகின்றன. எனவே குண்டுக்கு வழியில் தடை இல்லை. இடுப்புச் சிரை, ஈரல், கீழ்ப்பெருஞ்சிரை ஆகியவற்றில் விழுந்தது இதயத்தின் வலது மேலறைக்கும், அங்கிருந்து கீழறைக்கும், பிறகு நுரையீரல் தமனிக்கும் போகும். வலது கீழறையின் உள்சுவர் வழவழப்பானது அல்ல. தசை இழைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். அதில் சிக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

தமனியில் அடைத்தால் கால் உடனே சொல்லிவிடும். சிரைப் பயணத்தில் அப்படி இல்லை. மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. மற்றவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், இதயத் துடிப்பு தாறுமாறாதல் என்று ஏதாவது ஒன்று.

இரத்த ஓட்டத்துக்கு எதிர்த் திசையிலும் போகுமாமே?

போகும். ஈயம் இரத்தத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தியானது. சிரையில் அழுத்தம் குறைவு. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்தாலோ, பலமாக இருமினாலோ, முக்கினாலோ, குண்டு தன் எடையாலேயே கீழே சரிந்து ஈரல் சிரைக்கோ இடுப்புச் சிரைக்கோ போய்விடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கருவிலிருக்கும்போது இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. சிரை வழியாக வந்த சிறு குண்டு அந்த இடுக்கில் நுழைந்து இடது பக்கம் போய், தமனியில் இறங்கிவிடலாம். காயம் சிரையில், அடைப்பு தமனியில்!

மருத்துவர்கள் எப்படிச் சந்தேகிக்கிறார்கள்?

முதல் கருவி கணக்கு. உடலிலுள்ள துளைகளின் எண்ணிக்கையையும் உள்ளே தங்கிய குண்டுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும். ஒரு துளை என்றால் உள்ளே ஒரு குண்டு. இரண்டு துளை என்றால் ஒன்றுமில்லை, அல்லது இரண்டு குண்டு. மூன்று துளை இருந்து எக்ஸ்ரேயில் குண்டே இல்லை என்றால், எடுக்காத எக்ஸ்ரே இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். தலை முதல் கால் வரை எடுக்க வேண்டும். குண்டு உடைந்து சிதறினால் இந்தக் கணக்கு பிசகும். பல குண்டு வெடியில் பயன்படவே படாது. ஆனாலும் ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கத்தியை எடுப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, நாடி. நெஞ்சிலும் வயிற்றிலும் அடிபட்டவரின் இரு கால்களிலும் இரு கைகளிலும் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கால் வெளிறி, குளிர்ந்து, மரத்துப்போய், நாடி இல்லாமல், விரலை அசைக்க முடியாமல் இருந்தால், அந்தக் காலில் காயம் இல்லை என்பதே முக்கியமான தடயம்.

மூன்றாவது, குண்டு இருக்கும் இடம். நுழைந்த துளையிலிருந்து எந்த நேர்கோட்டிலும் வராத ஓர் இடத்தில் அது கிடந்தாலோ, காலையில் எடுத்த படத்தில் ஓரிடத்திலும் மாலையில் எடுத்த படத்தில் வேறிடத்திலும் இருந்தாலோ சந்தேகத்துக்கு இடமில்லை.

எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்?

தசையில் பதிந்த குண்டு கூர்மையான விளிம்போடு வெள்ளை வெளேரென்று தெரியும். இதய நிழலுக்கு நடுவே ஒரு குண்டு, அதன் விளிம்பு மட்டும் கலங்கலாக, கை நடுங்கி எடுத்த புகைப்படம் மாதிரி தெரிந்தால், படம் எடுத்தவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதே படத்தில் விலா எலும்புகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஆடியது குண்டுதான். இதயத்தோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை. அறைக்குள் மிதக்கிறதா, சுவரில் பதிந்திருக்கிறதா என்பதை அது காட்டும். எந்தக் குழாயில் எவ்வளவு அடைப்பு என்பதை இரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் சொல்லும். உலோகம் சுற்றிலும் கதிர் வீசுவதுபோல் கோடுகளைக் கிளப்பி ஸ்கேன் படத்தைக் கெடுக்கும் என்பதால், சில சமயம் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி எடுக்கும் பழைய முறை ஆஞ்சியோகிராமே உதவுகிறது.

குண்டைக் காணவில்லை என்றாலே எம்போலிசம்தானா?

இல்லை. முகத்தில் சுடப்பட்டவர் குண்டை விழுங்கிவிட்டிருக்கலாம். அது வயிற்றில் கிடக்கும். சுவாசக் குழாயில் இறங்கியும் இருக்கலாம். எலும்பில் பட்டுத் திசை மாறியிருக்கலாம்.

தேடிய இடமே தப்பாகவும் இருக்கலாம். 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடித் தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே ஓர் உலோகம் காட்டும் கருவியோடு வந்தார். மருத்துவர்கள் வலது பக்கத்தையே சோதிக்கச் சொன்னார்கள். குண்டு இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால் இருந்தது. அதிகத் தீங்கு செய்யாமல் கிடந்தது. கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைக் குடைந்ததில் சீழ்பிடித்து, செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார். இது எம்போலிசம் அல்ல. குண்டைவிடக் குண்டைத் தேடும் அவசரம் ஆபத்தானது என்பதற்காக இங்கே சொல்கிறேன்.

வெடிகுண்டுக் காயத்தில் என்ன வித்தியாசம்?

சிதறலுக்கு ஒழுங்கான உருவம் இல்லை. இரும்புச் சில்லு, ஆணி, கல், கண்ணாடி, மரம் எதுவானாலும் பாயும். மரம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. துளைகளை எண்ணும் கணக்கும் இங்கே செல்லாது. அரிசி அளவுத் துளைகள் ஐம்பது இருந்தால் யார் எண்ணுவது? முழு உடல் சி.டி. எடுப்பதே வழி.

வெடிப்பில் இன்னொரு வகை அடைப்பும் உண்டு. அழுத்த அலை நுரையீரலின் காற்றறைகளைக் கிழித்துவிட்டால், காற்றுக் குமிழ்கள் நுரையீரல் சிரைக்குள் நுழைந்து, இதயத்தின் இடது பக்கம் வழியாக மூளைக்கும் இதயத் தமனிக்கும் போய்விடும். வெளியே காயமே இல்லாதவர் திடீரென்று நினைவிழப்பதற்கு இது ஒரு காரணம். வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் நிலைமை மோசமாகும். மயக்க மருத்துவர்கள் கவனமாக இருப்பது அதனால்தான்.

தமனியில் அடைத்த குண்டை எப்படி எடுக்கிறார்கள்?

காலில் அடைத்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும். இரத்தம் இல்லாமல் தசை தாக்குப்பிடிப்பது சுமார் ஆறு மணி நேரம். ஆனால் மார்பிலோ வயிற்றிலோ இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, கால் அடுத்தது.

அறுவை மேசையில் படுக்கவைத்த பிறகு, கத்தி வைப்பதற்கு முன் இன்னொரு முறை எக்ஸ்ரே எடுப்பார்கள். வார்டிலிருந்து தள்ளுவண்டியில் வரும் நேரத்துக்குள் குண்டு நகர்ந்திருக்கலாம். இடம் உறுதியானதும் அதற்கு நேரே தோலைத் திறந்து தமனியை வெளிக்கொணர்ந்தால், விரலுக்கடியில் கடினமாக ஒரு முடிச்சு தட்டுப்படும். அதற்கு மேலும் கீழும் நாடா கட்டித் தமனியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் தொட்டதும் குண்டு நழுவி இன்னும் கீழே ஓடிவிடும். பிறகு தமனியின் குறுக்கே சிறு வெட்டு. குண்டை மெல்லப் பிதுக்கி வெளியே எடுக்கிறார்கள்.

அதோடு முடிவதில்லை. குண்டுக்குக் கீழே தேங்கி நின்ற இரத்தம் உறைந்திருக்கும். பலூன் கதீட்டரை உறைகட்டியைத் தாண்டிச் செலுத்தி, நுனிப் பலூனை ஊதிப் பெரிதாக்கி, பின்னுக்கு இழுத்தால் கட்டி கூடவே வந்துவிடும். இந்தக் கதீட்டர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டிக் கதீட்டரில் வைத்து, தூண்டில்காரர்கள் முடிச்சுப்போடும் முறையில் கட்டி முதல் பலூனைச் செய்தார். இன்றும் உலகெங்கும் அதன் வாரிசுகள்தான் பயன்படுகின்றன.

இதயத்திலோ நுரையீரல் தமனியிலோ இருந்தால்? கட்டாயம் எடுக்க வேண்டுமா?

மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாத இடம் இது. தொந்தரவு இருந்தால், அறைக்குள் அசைந்துகொண்டிருந்தால், இடது பக்க அறையில் இருந்தால், சீழ்பிடிக்கும் வாய்ப்பு இருந்தால் எடுப்பார்கள். இன்று பல சமயம் நெஞ்சைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகச் சுருக்குக் கம்பியையோ கூடை அமைப்பையோ செலுத்திப் பிடித்து இழுக்க முடிகிறது. வலது கீழறைத் தசையிலோ நுரையீரல் தமனியின் சிறு கிளையிலோ சத்தமில்லாமல் பதிந்துவிட்ட சிறு குண்டை அப்படியே விட்டு, அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். வெள்ளித் தட்டில் ‘டங்’கென்று குண்டு விழுந்தால்தான் நோயாளி பிழைத்தார் என்ற சினிமா நம்பிக்கையை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

எடுக்கவே முடியாது என்ற காலமும் இருந்தது. இதயத்தில் கைவைத்தால் மரணம் என்று நம்பிய நாளில், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் டுவைட் ஹார்க்கன், இதயத்திலும் அதைச் சுற்றிய பெருங்குழாய்களிலும் மார்பின் நடுப்பகுதியிலும் இருந்து 134 குண்டுகளையும் சிதறல்களையும் எடுத்தார். ஒருவர்கூட இறக்கவில்லை. இதய அறுவை சிகிச்சை என்ற துறை தைரியம் பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன் நாம் செய்ய வேண்டியது?

இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108-ஐ அழையுங்கள். குண்டையோ சில்லையோ வெளியே எடுக்க முயலாதீர்கள். துளைக்குள் விரல் விடாதீர்கள். தேவையில்லாமல் ஆளைப் புரட்டாதீர்கள்.

எடுத்த குண்டை என்ன செய்வார்கள்?

அது காவல்துறைக்கான சான்றுப் பொருள். துப்பாக்கிக் குழலின் உட்புறக் கோடுகள் குண்டின் மேல் பதிந்திருக்கும். எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அவற்றை வைத்தே தடயவியல் நிபுணர்கள் சொல்கிறார்கள். பல்லுள்ள உலோக இடுக்கியால் பிடித்தால் கோடுகள் சிதையும். எனவே விரலாலோ ரப்பர் உறையிட்ட இடுக்கியாலோ எடுத்து, முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். இறந்தவரின் உடலிலும் இதே சிக்கல் உண்டு. மார்பில் துளை இருக்க, பிணக்கூறு மேசையில் மணிக்கணக்கில் தேடியும் கிடைக்காத குண்டு தொடையில் இருக்கும். துப்பாக்கி மரணங்களில் உடலைத் திறப்பதற்கு முன் முழு உடல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

பல ஆண்டுகளாக உடம்பில் இருக்கும் சிதறல் இனிமேல் நகருமா?

இலங்கைப் போரைக் கடந்து வந்தவர்களில் பலர் எறிகணைச் சிதறல்களை உடம்பில் சுமந்தபடி வாழ்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இந்தப் பயம் இயல்பு. தசையிலோ கொழுப்பிலோ பதிந்த சில்லைச் சுற்றி உடல் ஒரு நார்ச்சுவரைக் கட்டிவிடுகிறது. அப்படிச் சிறைப்பட்டது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பெருங்குழாயை ஒட்டியிருந்த சில்லு நாளடைவில் சுவரை அரித்து உள்ளே விழுந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவை மிகமிகக் குறைவு. திடீரென்று ஒரு கை அல்லது கால் குளிர்ந்து மரத்துப்போவது, காரணமில்லாத மூச்சுத்திணறல், பழைய காயத்தருகே துடிக்கும் வீக்கம் ஆகியவை வந்தால் தாமதிக்க வேண்டாம். மற்றபடி, எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எடுப்பதால் வரும் சேதம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

மூட்டுக்குள் இருக்கும் ஈயக் குண்டு மட்டும் விதிவிலக்கு. மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். அதை எடுத்துவிடுவதே நல்லது.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

ஈயமும் செம்பும் காந்தத்துக்கு இழுபடாது, எஃகு இழுபடும். வெடிகுண்டுச் சிதறல்களில் எஃகு சாதாரணம். சில தோட்டாக்களுக்குள்ளும் எஃகு உண்டு. எந்த உலோகம் என்று நிச்சயமாகத் தெரியாதபோது, குறிப்பாகக் கண், மூளை, தண்டுவடம், பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையக் கூடாது. பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். மூட்டுவலிக்காகவோ தலைவலிக்காகவோ போனாலும், படிவத்தில் உலோகம் பற்றிக் கேட்கும் கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்து, எந்த ஆண்டு, எந்த இடத்தில் பட்டது என்றும் எழுதிக் கொடுங்கள்.